ஊர் கேட்ட ஒலி – 14: குழாய்க்குத் திடல், குரலுக்குக் கூடம்

சென்ற பகுதியைத் தண்டோராவோடு நிறுத்தியிருந்தோம். பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாய்ப் போய் ஊர்ச்செய்தி சொல்லும் அந்த வேலை, குறிப்பிட்ட சாதியார் தலையில் கட்டிவைத்த வேலையாகவே காலங்காலமாக இருந்தது. 2022 ஆகஸ்டில் தமிழக அரசு அதை நிறுத்தச் சொன்னது. ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் அறிவித்தால் போதும் என்று தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். பறை இறங்கியது, குழாய் ஏறியது. அந்தக் குழாய் தருமபுரிச் சீமையில் எங்கே நன்றாகப் பேசியது, எங்கே போய் உளறியது என்பதே இந்தப் பகுதி. அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை.

மன்றத்தில் தொங்கிய தண்ணுமை

தகடூர் என்ற பெயரில் தருமபுரியை அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட காலம். புறநானூற்றின் 89-ஆம் பாட்டில் ஔவையார் ஒரு சின்னக் காட்சி காட்டுகிறார். பகை மன்னன் ஒருவன் விறலியைப் பார்த்து, உங்கள் நாட்டில் எதிர்த்து நிற்க ஆள் இருக்கிறார்களா என்று கேட்கிறான். அவள் சொல்லும் பதிலின் கடைசிப் பகுதி நமக்கு வேண்டியது. ஊர்ப் பொதுவில் வாரால் இழுத்துக் கட்டிய தண்ணுமை ஒன்று தொங்குகிறது. யாரும் அடிக்கவில்லை, காற்று வந்து அதன் கண்ணில் மோதுகிறது. எழும்பிய ஓசையைக் கேட்டதுமே போர் என்று கிளம்பிவிடுகிற தலைவன் எங்களுக்கு இருக்கிறான் என்கிறாள் அவள்.

வீரத்துக்காகத்தான் இந்தப் பாட்டை எல்லோரும் படிப்பார்கள். ஒருமுறை காதுக்காகப் படித்துப் பார்க்கலாம். தண்ணுமையைத் தரையில் வைக்காமல் தொங்கவிட்டிருக்கிறார்கள். தோல் அதிர எந்தத் தடையும் இல்லை. வைத்த இடம் பொது. சுற்றிலும் சுவர் இல்லாததால் காற்று உள்ளே வருகிறது, ஓசை வெளியே போகிறது. காற்றுப் பட்டு எழும் மெல்லோசையே தலைவன் காதுக்கு எட்டுகிறது என்றால், ஊர் எவ்வளவு அமைதியாக இருந்திருக்க வேண்டும்! கருவி, இடம், அமைதி என்று மூன்றும் சேர்ந்து நடத்திய வேலை அது. பின்னால் வந்த குழாயின் கதையில் கருவியை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டோம்.

கட்டப்படாத கட்டடம்

தருமபுரி, பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் இருந்தால் அங்கே பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து படுத்திருக்கும் படுகளம். கூத்து நடக்கும் இடத்துக்குக் களம் என்று பெயர். அதில் கல் இல்லை, சுவர் இல்லை, பந்தல்கூடப் பெயருக்குத்தான். ஆனாலும் அது நன்றாகத் திட்டமிட்ட ஒரு கட்டடம்.

திறந்த வெளியில் ஒலி நான்கு பக்கமும் பரவித் தேயும். தூரம் இருமடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகிவிடும். திருப்பி அனுப்பச் சுவர் இல்லாததால் போனது போனதுதான். எனவே கூட்டத்தை ஆட்டக்காரருக்கு நெருக்கமாக உட்கார வைப்பதே ஒரே வழி. கூத்தில் சனம் மூன்று பக்கமும் அரைவட்டமாகச் சூழ்ந்து தரையில் உட்காருகிறது. 15 மீட்டர் ஆரத்தில் ஓர் அரைவட்டம் போட்டால் பரப்பு ஏறத்தாழ 350 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் மூன்று பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் ஆயிரம் பேர் கொள்வார்கள். அந்த ஆயிரம் பேரில் ஒருவர்கூட 15 மீட்டருக்கு அப்பால் இல்லை. நாற்காலி போட்டு நீளவாக்கில் வரிசை கட்டினால் இந்தக் கணக்கு உடைந்துபோகும்.

மிச்சத்தைக் குரல் பார்த்துக்கொண்டது. கூத்தாடிகள் உச்ச சுருதியில் பாடுவதை நாட்டுப்புறத்து முரட்டுத்தனம் என்று நினைத்தவர்கள் உண்டு. மனிதக் காதுக்கு மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலி. குரலை மேலே ஏற்றி, தொண்டையை இறுக்கிப் பாடும்போது சக்தியின் பெரும்பங்கு அந்தப் பகுதிக்குப் போகிறது. அங்கேதான் முகவீணையும் வாழ்கிறது. ஒரு முழம்கூட இல்லாத அந்தச் சின்னக் குழல் மத்தளத்தையும் தாளத்தையும் தாண்டிக் கேட்பதற்குக் காரணம் பலம் அல்ல, இடம்தான். அடுத்தது பின்பாட்டு. ஆட்டக்காரர் பாடிய அடியைப் பின்னால் இருப்பவர்கள் வாங்கித் திரும்பப் பாடுகிறார்கள். ஆடுகிறவருக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கிறது. கடைசி வரிசையில் முதல் தடவை சொல்லைத் தவறவிட்டவருக்கு இரண்டாம் தடவை கிடைக்கிறது. குழாய் வருவதற்கு முன்னால் இருந்த ஒலிபெருக்கி இதுதான்.

பாப்பாரப்பட்டி, 1925

வெறும் தொண்டையால் கூட்டத்தைக் கட்டிப்போட்ட கடைசித் தலைமுறையைச் சேர்ந்த ஒருவர் தருமபுரி மண்ணில்தான் கண்மூடினார். சுப்பிரமணிய சிவா, வத்தலக்குண்டில் 1884-இல் பிறந்தவர். 1908-இன் தொடக்கத்தில் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் வ.உ.சி.யோடு சேர்ந்து அவர் பேசிய பேச்சுகளே அவரைச் சிறைக்கு அனுப்பின. கடற்கரையிலும் ஆற்றங்கரையிலும் ஆயிரக்கணக்கானவர் முன்னால் மைக் இல்லாமல் பேசிய பேச்சுகள் அவை. சிறையில் தொழுநோய் பற்றியது. பிற்பாடு பாப்பாரப்பட்டிக்கு வந்து ஆசிரமம் அமைத்தார்; பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்பக் கனவு கண்டார்; 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23-இல் சிவா மறைந்தார்.

அதே 1925-இல்தான் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர், காந்தத்துக்கு நடுவே கம்பிச்சுருள் அசைந்து தாள் கூம்பைத் தள்ளும் ஒலிபெருக்கியைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். இன்று நம் வீட்டு டிவியில் இருப்பதும், கல்யாணத்தில் அடுக்கி வைக்கும் பெட்டிகளில் இருப்பதும் அதன் வாரிசுகளே. அதற்குப் பத்து வருடம் முன்பே, 1915-இல், கலிஃபோர்னியாவில் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதமும் குழாய் வைத்த ஒலிபெருக்கியைச் செய்திருந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் மேக்னவாக்ஸ். லத்தீனில் பெருங்குரல் என்று பொருள். 1919-இல் சான் டியேகோ விளையாட்டரங்கில் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் அதன் வழியாகப் பல்லாயிரம் பேரிடம் பேசினார்.

இந்தியாவில் இந்தக் கருவியை அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பம்பாய் சிகாகோ ரேடியோ நிறுவனத்தின் நானிக் மோத்வானி. 1930-களில் காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கிகளைச் சுமந்து சென்றவர். காந்தி, நேரு பேசும் பழைய படங்களை உற்றுப் பார்த்தால் மைக்கின் மேல் அந்த நிறுவனத்தின் பெயர் தெரியும். சிவா இன்னும் பத்து வருடம் இருந்திருந்தால் அவர் குரலும் கம்பியில் ஏறியிருக்கும்.

மைக் வந்ததும் பேச்சே மாறிப்போனது. வெறும் தொண்டையால் பேசுகிறவர் இழுத்து, நிறுத்தி, பாட்டுப்போல ஏற்றி இறக்கித்தான் பேச முடியும். தாழ்ந்த குரலில் நையாண்டி செய்தால் முன்வரிசை மட்டுமே சிரிக்கும். மைக் அந்தத் தாழ்ந்த குரலுக்கும் மேடை கொடுத்தது. அண்ணாவின் கரகரத்த குரல், காதோடு பேசுவதுபோலத் தொடங்கி அடுக்குமொழிக்கு ஏறும் அந்த நடை, மைக் இல்லாத மேடையில் எடுபட்டிருக்காது.

குழாயின் உடற்கூறு

தருமபுரிப் பக்கம் இதற்கு ஒலிபெருக்கி என்று யாரும் சொல்வதில்லை. மைக் செட் என்பார்கள், ரேடியோ செட் என்பார்கள். ‘ரேடியோ கட்டியாச்சா?’ என்று கேட்டால், வேப்ப மரத்திலோ மூங்கில் கம்பத்திலோ குழாயைக் கட்டியாகிவிட்டதா என்று பொருள். அரசாங்கத் தாளில் அதன் பெயர் கூம்பு வடிவ ஒலிபெருக்கி.

குழாயின் பின்புறம் உருண்டையாக இருக்கும் பகுதியை யூனிட் என்பார்கள். உள்ளே உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வு நேராகக் காற்றைத் தள்ளினால், வெறுங்கையால் காற்றைக் குத்துவது போலத்தான். பெரும்பாலான சக்தி வீணாகும். அதன் முன்னால் குறுகிய வாயில் தொடங்கி மெல்ல மெல்ல விரியும் குழாயை வைத்தால், சின்னச் சவ்வின் பெரிய அழுத்தம் படிப்படியாகப் பெரிய வாயின் காற்றசைவாக மாறுகிறது. குழாய் எப்படி விரிய வேண்டும் என்ற கணிதத்தை ஆர்தர் கார்டன் வெப்ஸ்டர் 1919-இல் வெளியிட்டார். சாதாரணத் தாள் கூம்பு, வாங்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவையே ஒலியாக்கும். நல்ல குழாய் பத்து முதல் முப்பது பங்கு வரை ஆக்கும். மின்சாரம் எட்டாத ஊரில், கார் பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு திருவிழா நடத்த வேண்டியவனுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று சொல்லத் தேவையில்லை. டெல்லியில் 1940-இல் தொடங்கிய அஹுஜா நிறுவனத்தின் பெயர், ஊர்ப்புற மைக் செட் கடைகளில் சாமி படத்துக்கு அடுத்த இடத்தில் இருந்தது சும்மா இல்லை.

அந்த வரத்துக்கு ஒரு விலையும் உண்டு. குழாயின் வாய்ச் சுற்றளவைவிட நீளமான ஒலியலையை அதனால் சரியாக வெளியே தள்ள முடியாது. அரை மீட்டர் விட்டமுள்ள வாய்க்குச் சுற்றளவு ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல். ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி அதில் தேய்ந்துவிடும். ஆண் குரலின் அடிநாதம் அதற்கும் கீழே இருக்கிறது. மத்தளத்தின் தொப்பிப் பக்கக் கும்கியும் அங்கேதான். குழாயில் வரும் குரல் நெஞ்சை விட்டு மூக்கால் பேசுவது போலிருப்பதற்குக் காரணம் இதுதான். பாட்டின் அழகு போய்விடும். சொல் மட்டும் நிற்கும். ஆனால் சொல்லைத் தூரத்துக்கு அனுப்பத்தானே அதைக் கட்டினார்கள்.

தருமபுரியின் நிலம் குழாய்க்கென்றே அமைந்தது. மலைகள் சூழ்ந்த வறண்ட மேட்டுநிலம். ஒரு ஊராட்சிக்குள் காட்டுக்கு நடுவே சிதறிய கொட்டாய்கள், குக்கிராமங்கள். ஒரு வீட்டுக் கல்யாணம் என்றால் நாலு பக்கத்துக் கொட்டாய்க்கும் தெரிய வேண்டும். குழாய் ஒலியை ஒரு பக்கமாகக் கூட்டி அனுப்பும். எனவே அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே ஒரு செய்தி. சம்பந்தி ஊர்ப் பக்கம் திருப்பினால் மரியாதை, பகையாளி வீட்டுப் பக்கம் திருப்பினால் வம்பு. ஆடி மாதத்தில் எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல் கேட்டால் அம்மனுக்குக் கூழ். சாயங்காலத்தில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு கேட்டால் டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். கடிகாரம் இல்லாத வீட்டுக்கு மணி சொன்னது குழாய்தான்.

தொங்கும் மைக்

கூத்துக் களத்துக்கும் மைக் வந்தது. பந்தலின் நடுவில் கயிறு கட்டி மைக்கைத் தொங்கவிட்டார்கள். சில இடங்களில் முன்னால் கம்பியில் நிறுத்தினார்கள். அதோடு களத்தின் வடிவமே மாறியது. முன்பு ஆட்டக்காரர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கத்துச் சனத்துக்குப் பங்கு கிடைத்தது. இப்போது பாட்டு வரும்போதெல்லாம் மைக்குக்குக் கீழே வந்தாக வேண்டும். கிறுகி ஆடிப் போன கால்கள் அடிக்கு அடி நடுவுக்கே திரும்புகின்றன. களத்துக்குக் கண்ணில் படாத ஒரு நடுத்தூண் முளைத்துவிட்டது.

லாபமும் உண்டு. தொண்டை கிழியாமல் பல இரவுகள் ஆட முடிந்தது; கோமாளியான கட்டியங்காரனின் முணுமுணுப்புச் சிரிப்பு கடைசி வரிசைக்கும் போனது. ஆனால் ஆயிரம் பேருக்கான அரைவட்டம் கலைந்தது. எங்கே உட்கார்ந்தாலும் கேட்கும் என்றான பிறகு நெருங்கி உட்காருவானேன்? கூட்டம் பின்னுக்கு நகர்ந்தது, குழாயின் சத்தம் கூடியது, கூடிய சத்தத்தால் கூட்டம் இன்னும் பின்னுக்குப் போனது.

கல்லுக்குள் குழாய்

திடலில் ராஜாவாக இருந்த குழாய், கூரைக்குள் போனதும் உளறத் தொடங்கியது. ஏன் என்று புரிந்துகொள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும். 1895-இல் அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல்லின் ஓசை 5.5 வினாடி வரை கூடத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. சரி செய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் இரவு நேரங்களில், ஊர் அடங்கிய பிறகு, பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து அடுக்கினார். ஆர்கன் குழல் ஒன்றை ஊதவிட்டு, நிறுத்தியபின் ஓசை அடங்க எத்தனை வினாடி ஆகிறது என்று கணக்கெடுத்தார். கடைசியில் கிடைத்தது ஓர் எளிய வாய்பாடு: கூடத்தின் கன அளவைக் கன மீட்டரில் எடுத்து 0.161-ஆல் பெருக்கி, கூடம் உறிஞ்சும் அளவால் வகுத்தால், ஓசை அடங்கும் நேரம் வரும். உறிஞ்சும் அளவுக்குச் சபைன் எடுத்துக்கொண்ட அலகுதான் அழகு: திறந்த சன்னல். வெளியே போன ஓசை திரும்பி வராது. எனவே ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னல் முழுமையாக உறிஞ்சும் ஒரு சதுர மீட்டர்.

இந்த வாய்பாட்டோடு தருமபுரிக் கோட்டைக்குத் திரும்பலாம். அங்கே காமாட்சி அம்மன் கோயிலும் மல்லிகார்ச்சுனேசுவரர் கோயிலும் அருகருகே இருக்கின்றன. மல்லிகார்ச்சுனர் கோயில் மண்டபத்தில் அடி தரையில் படியாமல் நிற்கும் தொங்கும் தூணைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். நிமிர்ந்து பார்த்தால் விதானத்தில் எண்திசைக் காவலர். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்திலோ விதானம் முழுக்க ஓவியம். இப்படிப்பட்ட கல் மண்டபம் ஒன்றை மனத்தில் வைத்துக் கணக்குப் போடுவோம். நீளம் 20 மீட்டர், அகலம் 15, உயரம் 5 என்று கொள்வோம். கருங்கல் தன்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட உறிஞ்சாது. நான்கு பக்கமும் அடைத்துவிட்டால் ஓசை அடங்க 12 வினாடிக்கு மேல் ஆகும். நீளமான ஒரு பக்கத்தை மட்டும் திறந்துவிட்டால்? 100 சதுர மீட்டர் திறந்த சன்னல்; நேரம் 2 வினாடிக்கு இறங்கிவிடும். உள்ளே முந்நூறு பேர் உட்கார்ந்தால் அவர்கள் உடம்பும் துணியும் உறிஞ்சி, ஒரு வினாடிக்கு வந்துவிடும். அந்த ஒரு வினாடியில் பேச்சு புரியும், பாட்டும் இனிக்கும். பக்கம் திறந்த மண்டபம் கட்டியவர்களுக்கு வாய்பாடு தெரியாது. ஆனால் அவர்கள் கட்டியதை வாய்பாடு ஒத்துக்கொள்கிறது.

கருவறையின் கதை வேறு. சின்னக் கல் பெட்டி. அங்கே மணியோசையும் மந்திரமும் நீண்டு ஒலிப்பதே நோக்கம். ஓசை அடங்கத் தாமதமாவதுதான் அங்கே அழகு. நாகசுரம் வெளிப் பிராகாரத்துக்கும் வீதிக்கும் உரியது. எந்த ஓசை எந்த இடத்துக்கு என்ற பங்கீடு பழைய கோயிலில் இருந்தது. குழாய் வந்து அந்தப் பங்கீட்டைக் கலைத்தது. வீதிக்கென்று செய்த கருவியைப் பிராகாரத்துக்குள் கட்டினோம். கல் சுவர்கள் ஒன்றுக்கொன்று பந்து எறிந்து விளையாடின.

சொல் ஏன் கெடுகிறது என்பதைத் தமிழ் இலக்கணத்தாலேயே விளக்கலாம். உயிரெழுத்துக்கு ஓசை அதிகம், நீளும், தாங்கும். மெய்யெழுத்து, அதிலும் வல்லினம், ஒரு கண நேரத் தட்டு. அதன் சக்தி உயிரைவிடப் பல மடங்கு குறைவு. ஆனால் பொருளைச் சுமப்பது பெரும்பாலும் அந்த மெய்தான். படம், பழம், பணம் மூன்றிலும் உயிர்கள் ஒன்றே. கல் கூடத்தில் முதல் உயிரின் வால் நீண்டுவந்து அடுத்த மெய்யை மூடிவிடுகிறது. புரியவில்லை என்று சத்தத்தைக் கூட்டினால் வாலும் சேர்ந்து கூடும். கல்யாண மண்டபத்தில் வரவேற்பு நிகழ்ச்சியின் அறிவிப்பு ஒரே ஆ... ஓ... என்று கேட்பது இதனால்தான்.

கான்கிரீட் சுவர், பளபளப்பான டைல்ஸ், தகரக் கூரை, மூடிய சன்னல் என்று கட்டும் இன்றைய மண்டபம், கல் மண்டபத்தின் கெடுதலை எல்லாம் வைத்துக்கொண்டு அதன் திறந்த பக்கத்தை மட்டும் அடைத்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மைக் செட்காரர் காலையிலேயே வந்து காலிக் கூடத்தில் ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ சொல்லிச் சரி பார்ப்பார். கூட்டம் நிரம்பியபின் அது வேறு கூடம். அறுநூறு உடம்புகள் உள்ளே வந்து உறிஞ்சிய பிறகு காலையில் வைத்த அளவு எதற்கும் பொருந்தாது. அனுபவசாலிகள் பந்தியில் உட்காராமல் முகூர்த்த நேரத்தில் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்று கேட்பார்கள்.

மின்சாரம் ஓடும், ஒலி நடக்கும்

திருவிழாத் தெருவில் கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டினால் ஒரே பாட்டு இரண்டு மூன்று தடவை கேட்கும். கம்பியில் மின்சாரம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். ஒலியோ வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் நடக்கும். 100 மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் ஒலி, பக்கத்துக் குழாயைவிட ஏறக்குறைய 0.3 வினாடி பிந்தி வருகிறது. ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-இல் செய்த ஆய்வு இதில் ஒரு வழி காட்டியது. இரண்டாம் ஒலி சுமார் 30 மில்லிவினாடிக்குள் வந்தால் காது இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். முதலில் வந்த திசையிலிருந்தே கேட்பதாக நினைக்கும். அதைத் தாண்டிப் பிந்தினால் எதிரொலி.

லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் 1950-களின் தொடக்கத்தில் பார்க்கின், டெய்லர் என்ற இருவர் இந்த வழியைச் செய்து காட்டினார்கள். குழாயைக் கட்டாமல், பல கூம்புகளைச் செங்குத்தாக அடுக்கிய உயரமான கம்பப் பெட்டிகளை வைத்தார்கள். அப்படி அடுக்கினால் ஒலி மேலும் கீழும் சிதறாமல் விசிறிபோல் கிடைமட்டமாய் விரியும். கும்மட்டத்துக்குப் போகாமல் சனத்தின் காதுக்குப் போகும். பின்வரிசைப் பெட்டிகளுக்குப் போகும் ஒலியை, முன்னிருந்து நடந்துவரும் ஒலியோடு சேரும்படி, காந்தப் பதிவின் உதவியால் வேண்டுமென்றே தாமதப்படுத்தினார்கள். அதே தேவாலயத்தின் கும்மட்டத்துக்குக் கீழே, சுவரோரம் கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கம் கேட்கும் வட்டக் கூடத்தில்தான், முப்பது வருடம் முன்பு, 1921-இல் நம்ம சி.வி. ராமன் நின்று ஆராய்ந்தார். பிறகு பீஜப்பூர் கோல் கும்பஸுக்கும் போனார். மிருதங்கத் தோலின் இசையையும் கும்மட்டத்தின் கிசுகிசுப்பையும் அவர் ஆராய்ந்தார்.

செங்குத்தாக அடுக்கும் அந்த யோசனையின் வளர்ந்த வடிவத்தை 1992-இல் பிரான்சின் கிறிஸ்டியன் ஹீல் பெரிய கச்சேரிகளுக்குக் கொண்டுவந்தார். இன்று கட்சி மாநாட்டு மேடையின் இருபுறமும் வாழைத்தார் போல வளைந்து தொங்குவது அதன் வழித்தோன்றல்தான்.

சட்டமும் பெட்டியும்

மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு வருடத்துக்கு 15 நாள் மட்டும் நள்ளிரவு வரை தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் அளவு. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இந்த விதிகளுக்கு வலு சேர்த்தது. விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்துக்கும் பத்து மணிக் கணக்குக்கும் அன்றிலிருந்து இழுபறிதான்.

இந்த விதிகள் பேசுவது அளவையும் நேரத்தையும் அனுமதியையும். தமிழ்நாட்டில் அதோடு வடிவமும் சேர்ந்துகொண்டது. திருவிழா அனுமதிக் கடிதத்தில் கூம்பு வடிவக் குழாய் கூடாது, பெட்டி வடிவம் மட்டும் என்று காவல்துறை நிபந்தனை வைக்கிறது. குழாயின் கீச்சுக் குரல் காதைக் குத்துவது உண்மை; பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் நோயாளிக்கும் அது வாதைதான். ஆனால் பெட்டி வந்ததும் சத்தம் குறைந்ததா? குழாயால் வெளியிட முடியாத அடிநாதத்தைப் பெட்டி தாராளமாக வெளியிடும். அந்த அடிநாதம் ஒரு திசையாகப் போகாமல் எல்லாப் பக்கமும் பரவும். சுவரைத் துளைத்து உள்ளே வரும். சன்னலைச் சாத்தினாலும் நெஞ்சுக்கூட்டில் தட்டும். குழாயையாவது திருப்பி வைக்கச் சொல்லலாம். ஆகவே வடிவத்தை மாற்றியதால் தொல்லை தீரவில்லை, இடம் மாறியது. பாதிக்கப்பட்டவர் வீட்டு வாசலில் எத்தனை டெசிபல் என்று அளப்பதே நேர்மையான வழி.

கூத்துக் களத்துக்கும் இதுவே பொருந்தும். ஐந்து ஊருக்குக் கேட்க வேண்டும் என்று கட்டியதால்தான் ஐந்து ஊரும் புகார் கொடுக்கிறது. 15 மீட்டர் அரைவட்டத்துக்குப் போதும் என்று வைத்தால், நாலு சின்னப் பெட்டிகளைச் சனத்தை நோக்கிக் கீழ்முகமாகத் தொங்கவிட்டாலே காரியம் முடிந்துவிடும். அதற்குச் சனம் பழையபடி நெருங்கி உட்கார வேண்டும்.

மைக் செட் தொழிலில் நரைத்தவர்கள் ஒரு வேலை செய்வதைப் பார்க்கலாம். வண்டியிலிருந்து சாமானை இறக்கு முன் வெறுங்கையோடு இடத்துக்குள் நடந்து போய், நடுவில் நின்று பலமாக ஒரு கைதட்டு. காதைத் தீட்டிக் கேட்பார்கள். தட்டு சட்டென்று செத்தால் ஒரு கணக்கு. சுவரில் பட்டுச் சிதறி இழுத்தால் வேறு கணக்கு. எத்தனை பெட்டி, எந்த உயரம், எந்தப் பக்கம் முகம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். சபைன் ஆர்கன் குழலை வைத்து அறிந்ததை இவர்கள் உள்ளங்கையால் அறிகிறார்கள். தண்ணுமையைத் தொங்கவிட மன்றத்தில் இடம் பார்த்தவனும் முதலில் இப்படி ஒரு தட்டுத் தட்டித்தான் பார்த்திருப்பான்.

அடுத்த பகுதியில் டெண்ட் கொட்டகைக்குள் நுழைவோம். கீற்றுக் கூரையும் மணல் தரையும் கொண்ட அந்த ஏழைக் கொட்டகையில் வசனம் தெளிவாகக் கேட்க, பின்னால் வந்த கான்கிரீட் தியேட்டர் ஏன் சுவரெல்லாம் மெத்தை தைக்க வேண்டியிருந்தது என்று பார்ப்போம்.

(தொடரும்)